பதினான்கு திருத்தங்கள்

ஜனவரி 9, செவ்வாய்

ஆய்வகத்தில் மண் சலிக்கும் நான்காம் எண் சல்லடை மறுபடி கிழிந்துவிட்டது. புதுசு கேட்டு அலுவலகத்துக்குப் போனால் சல்லடைக்குப் பதிலாக ஒரு சுற்றறிக்கையைக் கையில் கொடுத்தார்கள்.

ஜூலை முதல் எல்லா விரிவுரையும் இங்கிலீஷில். அதற்கு முன் எட்டு வாரப் பயிற்சி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பாடம் நடத்தவும் அதிலேயே தயார் செய்வார்களாம். கடைசியில் இருபது நிமிஷம் மாதிரி வகுப்பு, மூன்று பேர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். அறுபது எடுக்காதவர்களுக்கு ‘மாற்றுப் பணி’. மாற்றுப் பணி என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தேர்வுப் பிரிவில் உட்கார்ந்து விடைத்தாள் கட்டுகளுக்கு நூல் கட்டுவது.

இருபத்திரண்டு வருஷமாக இரண்டாம் ஆண்டுக்கு மண் இயக்கவியல் எடுக்கிறேன். எந்த மண் கட்டடத்தைத் தாங்கும், எது காலை வாரும், சரிவுகள் ஏன் இடிந்து விழுகின்றன, இதுதான் என் பாடம். பிள்ளைகள் என்னை ‘மண் மேடம்’ என்கிறார்கள். முகத்துக்கு நேரே இல்லை, பத்தடி தள்ளிப் போன பிறகு. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இங்கிலீஷ் படிப்பேன். என் புத்தகம் எல்லாம் இங்கிலீஷ்தான். பேச வராது. எழுத உட்கார்ந்தால் கை வேர்க்கும். இந்த ஐம்பத்தொரு வயதில் அந்த ஒரு பாடமும் போய்விட்டால் நான் அங்கே யார்?

ஜனவரி 12, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “பேசப் பேச வந்துடும், விடு,” என்றார். அவருக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைச் சரிபார்க்கும் வேலை. “உங்களுக்கென்ன, மீட்டர் எந்த மொழியில ஓடினாலும் ஒரே ஓட்டம்தான்,” என்றேன். சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மகள் போனில், “என்கிட்ட தினம் பத்து நிமிஷம் இங்கிலீஷ்ல பேசுங்கம்மா,” என்றாள். அவள் வெளியூரில், நாள் முழுக்க போனில் இங்கிலீஷ் பேசும் வேலையில் இருக்கிறாள். பார்க்கலாம் என்று மழுப்பினேன். இரண்டு வருஷம் முன்னால் அவள் தோழிகள் வந்தபோது நான் ஏதோ இங்கிலீஷில் கேட்டு, அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இவளும் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். அவளுக்கு அது நினைவே இருக்காது.

ஜனவரி 22, திங்கள்

பயிற்சி ஆரம்பம். முப்பத்தெட்டு விரிவுரையாளர்கள், மாணவர் பெஞ்சில். கர்டர் சாருக்கு முட்டி உள்ளே போகவில்லை. நடைபாதைப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் துறையில் கட்டமைப்புப் பாடம் எடுப்பவர். ஆறடி இரண்டங்குலம், இரும்பு உத்திரம் மாதிரி யாருக்கும் வளைய மாட்டார், அதனால் அந்தப் பெயர்.

பயிற்சியாளர் முப்பது வயதுக்குள் இருப்பாள். நல்ல பெண். ஆளுக்கு இரண்டு நிமிஷம் தன்னைப் பற்றி இங்கிலீஷில் சொல்லச் சொன்னாள். கர்டர் சார் எழுந்து, “ஐ டீச் பீம். பீம் இஸ் மை லைஃப். தேங்க் யூ,” என்று உட்கார்ந்தார். கைதட்டல் அடங்க நேரம் ஆனது. நான் நாற்பது விநாடி பேசினேன். அதில் பாதி ‘அ… அ…’

முடிக்கும்போது அவள் சொன்னது: “பேசும்போது தப்பு வரட்டும், கவலையே படாதீங்க. ஆனா எழுதி வெளியே போற எதுவும் என் பார்வைக்கு வராம போக வேண்டாம். வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு உங்க மெயில்தான் உங்க முகம்.” எல்லோரும் எழுதிக்கொண்டோம். நான் அடிக்கோடும் போட்டேன். நல்ல மாணவி!

பிப்ரவரி 2, வெள்ளி

முப்பது இணைப்பு வாக்கியங்கள் உள்ள அட்டை கொடுத்திருக்கிறாள். ‘இப்போது அடுத்த பகுதிக்குப் போவோம்’, ‘இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்’ — இப்படி. ஆய்வகத்தில் மண் டப்பாக்களை வரிசையாக வைத்து அவற்றிடம் சொல்லிப் பார்த்தேன். டப்பாக்கள் கவனமாகக் கேட்டன. ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பிப்ரவரி 7, புதன்

இன்று யாரும் என்னை இங்கிலீஷ் பேசச் சொல்லவில்லை. நல்ல நாள்.

பிப்ரவரி 14, புதன்

நிஜ வகுப்பில் அரை மணி நேரம் இங்கிலீஷில் நடத்தி, அதைப் பதிவு செய்து, நாமே கேட்க வேண்டுமாம். செய்தேன். கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

களிமண்ணைத் தொட்டுப் பார்க்கும் வகுப்பு. வழக்கமாக ஆளுக்கொரு உருண்டை கொடுத்து, பிசுபிசுன்னு இருக்கா, சொதசொதன்னு இருக்கா, விரலுக்குள்ள நறநறன்னுதா, அழுத்தினா பொலபொலன்னு உதிருதா என்று கேட்டுக்கொண்டே போவேன். பிள்ளைகளும் சத்தமாகச் சொல்வார்கள். ஒருத்தன் கையை இன்னொருத்தன் சட்டையில் துடைப்பான். அந்தச் சந்தையிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். இன்று என்னிடம் இருந்தது ‘சாஃப்ட்’, ‘ஹார்ட்’, ‘வெரி சாஃப்ட்’. புத்தகத்தில் இருக்கும் நல்ல வார்த்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும். வாய்க்கு வந்து சேரவில்லை.

வழக்கமாக ஏழெட்டுக் கேள்வி வரும். இன்று ஒன்றும் இல்லை. கடைசி பெஞ்சில் ஒரு பெண் நோட்டில் வீடு வரைந்துகொண்டிருந்தாள். ஜன்னல், கதவு, கதவுக்குப் பூட்டு. திட்ட மனசு வரவில்லை. நான் அந்த இடத்தில் இருந்தால் கூரையும் போட்டிருப்பேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இந்தத் திட்டத்தைக் கரித்துக் கொட்டினார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். பிறகு உறுத்தியது.

போன வருஷம் என் மாணவர்கள் பதினொரு பேர் ஒரு பெரிய நிறுவனத்தின் நேர்முகத்துக்குப் போனார்கள். இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது. மிச்சம் ஒன்பது பேரில் ஒருத்தி என் முன்னால் நின்று, “எல்லாம் தெரியும் மேடம். சொல்லத்தான் வரல,” என்று அழுதாள். ஆக, இதை நான் முழு மனசோடு வெறுக்கவும் முடியாது. பிள்ளைகளுக்கு இது வேண்டும். என்னால்தான் கொடுக்க முடியுமா என்று தெரியவில்லை.

மார்ச் 11, திங்கள்

இருபது நிமிஷத்தையும் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். எங்கே சிரிக்க வேண்டும் என்பது உட்பட. சாயங்காலம் வீட்டுக்காரரை உட்கார வைத்து ஒப்பித்தேன். ஒன்பதாவது நிமிஷத்தில் கொட்டாவி விட்டார்.

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. யாரோ ரேடியோல பேசற மாதிரி.”

பாராட்டாகத்தான் சொன்னார்.

மார்ச் 22, வெள்ளி

எழுபத்தெட்டு. முப்பத்தெட்டு பேரில் நான்தான் முதல். கர்டர் சார் சரியாக அறுபது. “ஒரு மார்க்கும் வீணடிக்கல பாத்தீங்களா,” என்றார்.

மதிப்பெண் போட்ட குழுவில் ஒருவர் கேட்டார், களிமண் ஏன் ஈரத்தில் உப்புகிறது என்று. எனக்குத் தெரிந்த கேள்வி. ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனால் பதிலை அந்த மொழியில் கட்டி எடுக்க நேரம் போதவில்லை. மனப்பாடம் செய்ததிலிருந்து அடுத்த பத்தியை எடுத்து ஒப்பித்தேன். அவர் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

பயிற்சியாளர் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பாடம் என்னிடமே இருக்கும். சந்தோஷம் வர வேண்டும், எங்கேயோ வழியில் நிற்கிறது.

ஏப்ரல் 3, புதன்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு காணொளிக் கூட்டம். மண் பாடத்தையும் கட்டமைப்புப் பாடத்தையும் இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தப் போகிறதாம். இந்தப் பக்கம் துறைத்தலைவர், கர்டர் சார், நான். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தாடிப் பேராசிரியர். மண்காரர்தான். பின்னால் அலமாரியில் என்னைப் போலவே டப்பா டப்பாவாக மண். பார்த்ததும் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்: விரிவுரைகளில் பாதியை நான் எடுக்கிறேன். சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன். ‘லவ்லி’ என்றார்.

ஏப்ரல் 5, வெள்ளி

கூட்டக் குறிப்பு வந்திருக்கிறது. மூன்று தடவை படித்தேன்.

இரண்டு பாடத்துக்கும் விரிவுரை: அவர்கள் பதிவு செய்து அனுப்பும் காணொளி. செய்முறை வகுப்பு, வருகைப் பதிவு, காணொளியை ஓட்டுவது: எங்கள் பக்கம். அடியில், திருத்தம் இருந்தால் பதினைந்தாம் தேதிக்குள் எழுத வேண்டும், எழுதாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதிக் கையெழுத்துக்குப் போகும்.

துறைத்தலைவரிடம் ஓடினேன். “அது அவங்களோட வழக்கமான படிவம் மேடம். பேர மாத்தி அனுப்பியிருக்காங்க. ஒரு மெயில் போடுங்க, மாத்திடுவாங்க. பாடம் எடுக்கறவங்களேதான் எழுதணுமாம், நான் எழுதினா செல்லாது.”

ஒரு மெயில். அவ்வளவுதானே.

ஏப்ரல் 6, சனி

ஆறு வாக்கியம். நாலு மணி நேரம். பயிற்சியாளருக்கு அனுப்பிவிட்டேன், பார்த்துத் தரச் சொல்லி.

கர்டர் சார் போன் செய்தார். அவர் நேற்றே அவர்களுக்கு எழுதிவிட்டாராம். எனக்கும் ஒரு நகல் அனுப்பினார். மூன்று வரி. நம் மொழியில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘நான் ஒத்துக்கொள்ளல். பீம் விரிவுரை நானே எடுப்பது. தயவுசெய்து மாற்றம்.’ நான் எண்ணியவரை ஐந்து தப்பு.

“சார், பயிற்சி மேடம்கிட்ட காட்டிட்டு அனுப்பியிருக்கலாமே?”

“எதுக்கு? அந்தப் பொண்ணு தப்பைப் பிடிச்சுட்டு உக்காந்துக்கும். எனக்கு வேலை ஆகணும்.”

அவருக்காக எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தத் தாடிக்காரர் எங்கள் துறையைப் பற்றி என்ன நினைப்பார்?

ஏப்ரல் 9, செவ்வாய்

திரும்பி வந்தது. ஆறு வாக்கியத்தில் பதினான்கு திருத்தம். எழுபத்தெட்டு மார்க்காம்!

அதோடு ஒரு குறிப்பு: ‘கொஞ்சம் கட்டளை மாதிரி இருக்கு மேடம். எடுப்பேன்னு சொல்லாதீங்க. எடுக்க வாய்ப்பு இருக்குமான்னு கேளுங்க.’ என் பாடத்தை எனக்குக் கொடுக்க வாய்ப்பு இருக்குமா என்று நான் கேட்க வேண்டும். சரி. கேட்கிறேன். மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 10, புதன்

இரண்டாவது பிரதி அனுப்பினேன். மற்ற துறைகளிலும் இதே கதை, கர்டர் சார் தவிர முப்பத்தேழு பேர் கடிதமும் அவளிடம்தான் நிற்கிறது.

ஏப்ரல் 12, வெள்ளி

நாலு திருத்தம். ‘அருமையா வந்துட்டு இருக்கு மேடம், இன்னும் ஒரே ஒரு தடவை.’ ராப்பகலாக என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேறு எதையும் நினைக்கவில்லை. சாயங்காலம் மூன்றாவது பிரதி போனது.

ஏப்ரல் 14, ஞாயிறு

பதில் இல்லை. தயங்கித் தயங்கி போன் செய்தேன். அவள் குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பின்னால் குழந்தை அழும் சத்தம். “நாளைக்குக் கண்டிப்பா பாத்துடறேன் மேடம், மன்னிச்சுக்கோங்க.” குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது என் முற்றுப்புள்ளியைப் பார் என்று எந்த வாயால் சொல்வது?

மத்தியானம் மகள் பேசினாள். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயால் வெயிலைப் பற்றிப் பேசினேன். தண்ணீர் நிறையக் குடி என்றேன்.

வீட்டுக்காரர்: “கையில இருக்கறத அப்படியே அனுப்பிடேன்.”

“தப்போட போனா அந்த மனுஷன் என்னைப் பத்தி என்ன நெனப்பாரு?”

“நெனைச்சா நெனச்சுட்டுப் போறாரு.”

அவருக்குப் புரியாது. இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகள் தாளில் தப்பைச் சுழித்துக் கொண்டிருக்கும் கை இது.

ஏப்ரல் 15, திங்கள்

நாள் முழுக்கக் கணினி முன்னால். கர்டர் சார் இரண்டு தடவை வந்து, “அனுப்பியாச்சா?” என்றார். “இன்னும் ஒரு தடவை பாக்கணும் சார்.” “என்னத்த பாக்கணும்?” மாலை ஐந்து மணிக்கு அனுப்பும் பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனேன். நாலாவது வாக்கியத்தில் சந்தேகம் வந்தது. அம்பை விலக்கிவிட்டேன். அங்கே இப்போதுதான் மத்தியானம், அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் இவள் பார்த்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பையை எடுத்தேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

காலை ஒன்பது இருபதுக்கு அவளிடமிருந்து வந்தது. ஒரு கமா. ஒரே ஒரு கமா சேர்த்திருக்கிறாள். ஒன்பது இருபத்தைந்துக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 18, வியாழன்

பதில் வந்தது. மிக அழகாக எழுதப்பட்ட கடிதம் என்று பாராட்டியிருக்கிறார். நான் கூட்டத்தில் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறதாம். கடிதம் வரும் என்று கடைசி நாள் சாயங்காலம் வரை எதிர்பார்த்தாராம். வராததால் நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டாராம். மிகவும் வருந்துகிறாராம். நிஜமாகவே வருந்துகிறார், படித்தால் தெரிகிறது.

துறைத்தலைவர் உதட்டைப் பிதுக்கினார். “ரெண்டு பக்கமும் கையெழுத்தாயிடுச்சு மேடம். மூணு வருஷத்துக்கு யாரும் தொட முடியாது.”

கர்டர் சாரின் பாடம்? ஐந்தாம் தேதியே மாற்றிவிட்டார்களாம். அவர் எழுதிய ஒரு மணி நேரத்தில். ‘தாராளமாக’ என்று ஒரே வார்த்தைப் பதில். என்கிட்ட சொல்லலையே சார்னு கேட்டேன். நீங்களும் அன்னிக்கே அனுப்பியிருப்பீங்கன்னுதானே நெனச்சேன், அனுப்பலன்னு தெரிஞ்சப்புறம்தான் வந்து வந்து கேட்டேன்னாரு. அவர் கண்ணுல தண்ணி. எனக்கு வரல. எனக்கு என்னாச்சு? ஒரு கமாவுக்காக உக்காந்திருந்தேனே. இருபத்திரண்டு வருஷத்த ஒரு கமாவுக்கு வித்துட்டேனே! யார் மேல கோபப்படறது? அந்தப் பொண்ணு மேலயா? அவ குழந்தை மேலயா?

ஏப்ரல் 20, சனி

மகளிடம் சொன்னேன். “ஏம்மா என்கிட்ட கேக்கல? அஞ்சு நிமிஷ வேலைம்மா அது,” என்றாள்.

“ஞாபகம் வரல,” என்றேன். பொய்.

மே 17, வெள்ளி

சான்றிதழ் விழா. முதல் மதிப்பெண் எனக்கு என்பதால் மேடையில் நடுவில் நிற்க வைத்தார்கள். பயிற்சியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னாலதான் மேடம்,” என்று ஆரம்பித்தாள். “குழந்தை எப்படி இருக்கு?” என்று கேட்டேன். தேறிவிட்டதாம். பல் முளைத்திருக்கிறதாம். இதை எல்லாம் கேட்டு முடித்தபோது படம் எடுப்பவர் கூப்பிட்டுவிட்டார். படத்தில் சிரித்திருக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

வகுப்புகளைக் கண்காணிக்கும் எங்கள் தரப் பிரிவிலிருந்து விதிமுறை வந்துவிட்டது. காணொளி ஓடும்போதும் அதற்குப் பிறகும் வகுப்பில் இருப்பவர் தனியாக விளக்கம் தரக் கூடாது. ஒரே பாடத்துக்கு இரண்டு விளக்கம் இருந்தால் தேர்வில் குழப்பம் வருமாம். சந்தேகங்களை மாணவர்களே இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். வாரம் ஒரு தடவை சேர்த்து அனுப்பினால் பதில் வரும். துறைத்தலைவர் இதைப் படித்துக் காட்டும்போது என்னைப் பார்க்கவில்லை. மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 8, திங்கள்

முதல் வகுப்பு. அறுபத்து மூன்று பேரில் அறுபத்தொருவர் வந்திருந்தார்கள். திரையை இறக்கினேன், விளக்கை அணைத்தேன். ஒலி தெளிவாக இருந்தது. தாடிக்காரர் நன்றாக நடத்துகிறார். மலைச் சரிவுகள். நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். பக்கத்து அறையிலிருந்து கர்டர் சாரின் இங்கிலீஷ் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அங்கே பிள்ளைகள் சிரிக்கும் சத்தமும் கேட்டது.

முடிந்ததும் ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றாள். சின்ன உருவம், பெரிய பை.

“மேடம், மழை பெய்யும்போது விழாத சரிவு, மழை நின்னு ரெண்டு நாள் கழிச்சு ஏன் மேடம் விழுது? எங்க வீட்டுக்குப் பின்னால அப்படித்தான் விழுந்துச்சு. அவர் அதைச் சொல்லவே இல்லையே.”

நல்ல கேள்வி. இருபத்திரண்டு வருஷத்தில் நாலைந்து பேர்தான் கேட்டிருப்பார்கள். மேலே பெய்த தண்ணீர் உள்ளே மெதுவாக இறங்கி, மண்ணுக்கு அடியில் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகும். அது சேர்ந்து உள்ளிருந்து தள்ளும்போது மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு டப்பா மண்ணும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தால் மூன்று நிமிஷத்தில் காட்டிவிடலாம்.

வாசலில் தரப் பிரிவு ஆள் நின்றுகொண்டிருந்தார். முதல் நாள் என்பதால் ஒவ்வொரு அறையாகப் பார்க்கிறார்களாம்.

“எழுதிக் குடும்மா, அனுப்பறேன்,” என்றேன். தாளைக் கொடுத்தேன்.

அவள் நின்றபடியே எழுத ஆரம்பித்தாள். இரண்டு வார்த்தை எழுதினாள். அடித்தாள். மறுபடி ஒரு வார்த்தை. பேனா முனையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் திரையைச் சுருட்டப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது தாளை மடித்துப் பையில் வைத்திருந்தாள். “பரவால்ல மேடம், விடுங்க,” என்றாள். போய்விட்டாள்.

வகுப்பு அறிக்கையை நிரப்பினேன். வருகை: அறுபத்தொன்று. ஒலி, ஒளி: சரி. மாணவர் கேள்விகள்: இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.